வழி காட்டலும் வழி அறிதலும்

அரபு மொழியில் ஆசிரியரைக் குறிக்கும் சொல் 'முஅல்லிம்' என்பதாகும். கற்பிப்பவர் என்பது அதன் பொருள். கடலோடிய அரபு மக்கள் இதே சொல்லால் இன்னொருவரையும் அழைத்தனர். விண்மீன்களையும் காற்றையும் கரையோர அடையாளங்களையும் கொண்டு கப்பலுக்குத் திசை கூறியவரும் அவர்களுக்கு முஅல்லிமே. அச்சொல் நம் கடற்கரைப் பட்டினங்களில் வந்திறங்கித் தமிழ் நாவில் பழகி 'மாலுமி' ஆயிற்று. பள்ளியில் எழுத்தறிவிப்பவரும் நடுக்கடலில் திசையறிவிப்பவரும் ஒரே பெயருக்கு உரியவராய் இருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஆயினும் அவ்விருவர்க்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. கப்பலில் ஏறியவர் மாலுமியை நம்பி உறங்கலாம். கரை வந்ததும் இறங்கிப் போகலாம். திசையறியும் கலை அவருக்கு வேண்டுவதில்லை. பள்ளிக்கு வந்த பிள்ளையோ என்றென்றும் பயணியாகவே இருந்துவிட்டால் ஆசிரியர் தம் பணியைச் செய்தவர் ஆகார். பயணியாய் வந்த பிள்ளையை மாலுமியாக்கி அனுப்புவதே அவர் கடமை.

ஈண்டு ஒரு கேள்வி எழுகிறது. வழியறியக் கற்பிக்க வேண்டுமானால், வழி தவறுவதற்கும் பிள்ளைக்கு இடந்தர வேண்டும். கையை விடாமல் நடத்திச் செல்லப்படும் பிள்ளை தவறுவதில்லை, அறிவதும் இல்லை. அவ்வாறாயின், நம்மிடம் அமானிதமாக ஒப்படைக்கப்பட்ட குழந்தையை, தவறக்கூடும் என்று தெரிந்தே தனியே நடக்க விடுவது முறையாகுமா? விடாமலிருப்பது அன்பா, அல்லது அன்பின் பெயரால் செய்யும் குறையா?

காட்டிலே ஒரு வகுப்பு

இக்கேள்வியை நாள்தோறும் செயலில் சந்திக்கும் ஆசிரியர்கள் வட ஐரோப்பாவில் உள்ளனர். நிலப்படமும் திசைகாட்டியும் கொண்டு காட்டில் வழி கண்டு செல்லும் கலைக்கு அங்கே 'ஓரியன்டீரிங்' என்று பெயர். படைவீரர்களின் பயிற்சியாகத் தொடங்கிய அது, 1897ஆம் ஆண்டு நார்வே நாட்டில் பொதுமக்களின் போட்டியாயிற்று. இளைஞர்களிடையே ஓட்டப் பந்தயங்களில் ஆர்வம் குன்றி வருவதைக் கண்ட எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்னும் ஸ்வீடன் நாட்டுப் படையதிகாரி, 1919ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகருக்கு அருகே அதனைப் பெரிய அளவில் நடத்தினார். 1942 முதல் அந்நாட்டுப் பள்ளிகளில் அது கட்டாயப் பாடமாயிற்று. இன்றும் உடற்கல்விப் பாடத்தில் அதற்கு இடமுண்டு. அங்கே குடியேறி வாழும் முஸ்லிம் குடும்பங்களின் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் இப்பாடத்தைப் படிக்கின்றனர்.

பாடம் காட்டில் தொடங்குவதில்லை. முதலில் வகுப்பறையையே மேலிருந்து பார்ப்பது போல வரையச் சொல்லுகின்றனர். கதவு எங்கே, பலகை எங்கே, தன் இருக்கை எங்கே என்பதைப் பிள்ளை தாளில் குறிக்கிறது. பின்னர்ப் பள்ளி வளாகம், அதன்பின் அருகிலுள்ள பூங்கா, இறுதியிலேயே காடு. மிகச் சிறிய குழந்தைகளுக்குக் காட்டில் நூல் கட்டி வழி குறித்திருப்பார்கள். நூலைப் பற்றிச் சென்று திரும்பிய குழந்தை, அடுத்த படியில் நூலின்றிச் செல்கிறது.

முதற் பாடம் படத்தை நிலத்தோடு பொருத்துவது. நிலத்தில் ஓடை வலப்புறம் இருக்குமாயின் படத்திலும் அது வலப்புறம் வருமாறு தாளைத் திருப்ப வேண்டும். எழுத்துக்கள் தலைகீழாய்த் தெரிந்தாலும் கவலையில்லை. நாம் நிற்கும் இடத்தின்மேல் கட்டைவிரலை வைத்து, நடக்க நடக்க விரலையும் நகர்த்த வேண்டும். சம உயரக் கோடுகள் பழுப்பு நிறத்திலும், நீர்நிலைகள் நீலத்திலும், பாறைகளும் பாதைகளும் கறுப்பிலும் இருக்கும். எளிதில் நடக்கத்தக்க காடு வெண்மையாகவும், செல்லுதற்கரிய அடர்ந்த காடு பசுமையாகவும் தீட்டப்பட்டிருக்கும். காடென்றால் பச்சையென்று எண்ணிப் பழகிய பிள்ளைக்கு இது முதலில் வியப்பாயிருக்கும்; பின்னர்ப் பழகிவிடும்.

படத்தைப் படிக்கக் கற்ற பிறகே திசைகாட்டி கைக்கு வருகிறது. இருக்கும் இடத்தையும் செல்ல வேண்டிய இடத்தையும் அதன் விளிம்பால் இணைக்க வேண்டும். அதன் வட்டத்தைத் திருப்பி, உள்ளிருக்கும் கோடுகளைப் படத்தின் வடக்குக் கோடுகளோடு ஒத்திசைக்க வேண்டும். பிறகு திசைகாட்டியை மார்புக்கு நேரே பிடித்து, காந்த ஊசி அதற்குரிய குறியில் வந்து படியும் வரை தன் உடலையே திருப்ப வேண்டும். ஊசி திரும்பாது, நாம்தான் திரும்ப வேண்டும். அதன்பின் அம்புக்குறி காட்டும் திசையில் நடந்தால், வெண்மையும் ஆரஞ்சு நிறமுமான துணிக்கூடு ஒன்று தொங்குவதைக் காணலாம். அதிலுள்ள எண்ணைச் சரிபார்த்துக்கொண்டு அடுத்த இடத்தைத் தேட வேண்டும்.

ஆசிரியர் இத்தனைக்கும் எங்கே நிற்கிறார்? பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு அவர் உறங்குவதில்லை. சாலையும் ஏரியும் எல்லைகளாய் அமைந்த இடத்தை முன்கூட்டியே தேர்ந்திருக்கிறார். இன்ன திசையில் நடந்தால் சாலை வந்தே தீரும் என்று கற்பித்திருக்கிறார். இன்ன நேரத்துக்குள், தேடியது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், திரும்பிவிட வேண்டும் என்று விதித்திருக்கிறார். தொடக்கத்தில் இருவர் இருவராகவே அனுப்புகிறார். தவறுவதற்கு இடமுண்டு, தவறு ஆபத்தாக மாறுவதற்கு இடமில்லை. கற்பித்தலின் நுட்பம் முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையே எல்லை வகுப்பதிலேயே இருக்கிறது.

வழி தவறுதல் என்பது யாது?

இக்கலையைக் கற்பிப்போர் நன்கறிந்த உண்மை ஒன்று உண்டு. பிள்ளை வழி தவறுவது பெரும்பாலும் அறியாமையால் நிகழ்வதில்லை. தான் விரும்பும் இடத்தில்தான் தான் நிற்பதாக மனம் சாதிப்பதால் நிகழ்கிறது. படத்தில் குளம் இருக்க வேண்டிய இடத்தில் எதிரே சதுப்பு நிலம் தெரிகிறது. குளம் வற்றியிருக்கும் என்று மனம் சொல்லுகிறது. பாதை இடப்புறம் திரும்ப வேண்டியிருக்க, வலப்புறம் திரும்புகிறது. படம் வரைந்தவர் பிழை செய்திருப்பார் என்று மனம் சொல்லுகிறது. இவ்வாறு ஒவ்வொரு சான்றையும் மறுத்துக்கொண்டே போகும் பிள்ளை, ஒவ்வோர் அடியிலும் இன்னும் தொலைவாகப் போகிறது.

இதற்கு அவர்கள் சொல்லும் மருந்து எளியது. நில். ஓடாதே. ஐயமின்றித் தெரிந்திருந்த கடைசி இடம் எதுவென்று நினைத்துப்பார். அங்கிருந்து எவ்வளவு நேரம், எப்பக்கமாக நடந்தாய் என்று எண்ணிப்பார். சுற்றிலும் இருப்பதைப் படத்தோடு ஒப்பிடு. அப்போதும் தெளியாவிடில், தெரிந்த அந்த இடத்துக்கே திரும்பிச் செல்.

மார்க்கக் கல்வி கற்றோர்க்கு இப்பாடம் புதியதன்று. சான்றை நாம் 'தலீல்' என்கிறோம். வழிகாட்டிக்கும் அரபு மொழியில் அதே சொல்தான். வழி தவறுதலையும் கொள்கை பிறழ்தலையும் 'ளலால்' என்னும் ஒரு சொல்லே குறிக்கிறது. மனவிருப்பத்தைப் பின்பற்றிச் சான்றைப் புறக்கணிப்பவனை நம் அறிஞர்கள் 'ஹவா'வுக்கு அடிமைப்பட்டவன் என்பர். குளம் வற்றிவிட்டது என்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும் சிறு பிள்ளையிடம் நாம் காண்பது அதன் முதல் தளிர். அத்தளிரைக் காட்டிக் கொடுப்பதற்கு எந்த அறிவுரையாலும் இயலாது. நிலம் ஒன்றே அதைக் காட்டும். நிலம் எவர் முகத்துக்காகவும் மாறுவதில்லை; பிள்ளையைத் திட்டுவதும் இல்லை.

கிப்லா தேடும் கடமை

நம் சட்ட நூல்களில் திசையறிதலுக்கென்றே ஒரு பகுதி இருப்பதைப் பலரும் அறிவர். ஊரில் இருப்போர்க்குப் பள்ளிவாசலின் மிஹ்ராப் போதும். உறுதியாக அறிந்த, நம்பத்தக்க ஒருவர் கிப்லா இதுவென்று கூறினால் அதையும் ஏற்க வேண்டும். ஆனால் ஆளரவமற்ற வெளியில் தனித்து நிற்பவர் என் செய்வார்?

ஹிஜ்ரி 676 (கி.பி. 1277) இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், ஷாஃபிஈ மத்ஹபின் புகழ்பெற்ற நூலாகிய 'மின்ஹாஜுத் தாலிபீன்' என்பதில் இதற்கு விடை தருகிறார்கள். அடையாளங்களைக் கொண்டு ஆய்ந்து திசையை முடிவு செய்ய வல்லவர், தாமே ஆய்ந்து முடிவு செய்ய வேண்டும். கண்பார்வை இல்லாதவர் போன்று அதற்கு இயலாதவரே, அறிவும் நம்பகமும் உடைய ஒருவரைப் பின்பற்றலாம். இன்று அறியாதவர் எனினும் கற்றுக்கொள்ள இயன்றவராயின், அவருக்குக் கற்பதே கடமை. பிறர் முடிவைப் பின்பற்றுதல் ஆகாது என்பதே அங்கு வலுவாகக் கூறப்படும் கருத்து. இதில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்ற வேறுபாடு இல்லை. பெண் பிள்ளைக்கு எதற்குத் திசையும் படமும் என்று கேட்போர் இதனைச் சிந்திக்கக் கடவர்.

அந்நூல் மேலும் இரண்டு செய்திகளைக் கூறுகிறது. ஒரு தொழுகைக்காக ஆய்ந்து கண்ட திசையை அடுத்த தொழுகைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. மீண்டும் ஆய வேண்டும். நான்கு ரக்அத் தொழுபவருக்கு ஒவ்வொரு ரக்அத்திலும் புதிய சான்று தெளிவாகி, நான்கு திசைகளுக்கும் திரும்பித் தொழ நேர்ந்தாலும், அத்தொழுகையை மீண்டும் தொழ வேண்டியதில்லை. சான்று மாறும்போது முகத்தைத் திருப்புவதில் இழிவில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமோ?

தவறான திசையில் தொழுதது பின்னர் உறுதியாகத் தெரிந்தால் என்ன செய்வது? மீண்டும் தொழ வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் மேலோங்கிய கருத்து. முறையாக முயன்று தொழுதவர் மீண்டும் தொழ வேண்டியதில்லை என்பர் ஹனஃபீ மத்ஹபினர். மேலும் ஒன்று: தாம் ஆய்ந்து கண்ட திசையை விட்டு வேறு திசையில் ஒருவர் தொழுது, அதுவே உண்மையான கிப்லாவாக அமைந்துவிட்டாலும், அத்தொழுகை செல்லாது என்பது இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்), இமாம் முஹம்மத் (ரஹ்) ஆகியோரின் முடிவு. இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) இதில் மாறுபடுகிறார்கள். தற்செயலாகச் சரியான இடத்தை அடைவது வேறு, வழியறிந்து அடைவது வேறு என்னும் நுட்பத்தை அம்முடிவில் காண்கிறோம். முன்னே ஓடும் தோழனைப் பின்தொடர்ந்து ஓடித் துணிக்கூட்டைக் கண்டுபிடித்த பிள்ளை தேறியதாகாது. தவறி, தவறிய இடம் எதுவென்று தானே உணர்ந்து திரும்பிய பிள்ளையே தேறியது.

கிப்லா மேற்கு என்று நம் வீடுகளில் சொல்லிப் பழக்கியிருக்கிறோம். சென்னையிலிருந்து கணக்கிட்டால் அது மேற்கிலிருந்து ஏறக்குறைய 18 பாகை வடக்கே சாய்ந்திருக்கும். அது இருக்கட்டும். 'மேற்கு' என்ற சொல்லை மட்டும் மனனம் செய்த பிள்ளை வளர்ந்து ஜித்தாவுக்கு வேலைக்குப் போனால், அங்கே மக்கா கிழக்கில் இருக்கும். ஸ்டாக்ஹோமுக்குப் படிக்கப் போனால் தென்கிழக்கில் இருக்கும். நாம் கொடுத்தனுப்பியது விடை. கொடுத்தனுப்பியிருக்க வேண்டியது விடை காணும் முறை.

பொறுப்பாளரின் கை

கிப்லா தேடும் கடமை பருவமடைந்தவர்க்கு உரியதாயிற்றே, குழந்தைக்கு அது எங்ஙனம் பொருந்தும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு விடை, எத்தீம்களின் சொத்தைப் பற்றிய சட்டத்தில் இருக்கிறது.

பொறுப்பாளரின் கையிலுள்ள எத்தீமின் சொத்தை, அவர் தகுதி பெற்றுவிட்டாரா என்று சோதித்தறிந்த பிறகே ஒப்படைக்க வேண்டுமென்று திருமறையின் அந்நிஸா அத்தியாயம் கட்டளையிடுகிறது. அச்சோதனை எப்போது? பருவமடைவதற்கு முன்பே என்பது 'மின்ஹாஜ்' கூறும் முதன்மையான கருத்து. எவ்வாறு? வணிகர் மகனை வாங்குவதிலும் விற்பதிலும் சோதிக்க வேண்டும். உழவர் மகனை உழவிலும், உழவுக்காகச் செய்யும் செலவிலும் சோதிக்க வேண்டும். ஒரு முறை போதாது. இரு முறையோ அதற்கு மேலோ சோதிக்க வேண்டும். சிறுவன் கடைத்தெருவில் நின்று பேரம் பேசுவான். ஆனால் விற்பனையை முடிக்கும் நேரத்தில் பொறுப்பாளர் வந்து தாமே முடிப்பார்.

எத்துணை நுண்ணிய ஏற்பாடு! பேரத்தைப் பிள்ளையின் வாயிலிருந்து பறிப்பதுமில்லை. நட்டத்தைப் பிள்ளையின் தலையில் சுமத்துவதுமில்லை. எல்லை வகுத்து, நேரம் குறித்து, காட்டின் ஓரத்தில் காத்திருக்கும் அந்த ஸ்வீடன் நாட்டு ஆசிரியர், தாம் அறியாமலே இச்சட்டத்தின் வழியில் நிற்கிறார். எல்லை வகுக்காமல் பிள்ளைகளைக் காட்டில் விடுபவர் அமானிதத்துக்குத் துரோகம் செய்பவர். எல்லை வகுக்கத் தெரிந்திருந்தும் விடவே மறுப்பவர், பிள்ளையின் சொத்தாகிய அறிவை முதிர்ந்த பின்னும் ஒப்படைக்காமல் தம்மிடமே வைத்துக்கொள்பவர். முதலாமவரை உலகம் பழிக்கிறது. இரண்டாமவரைப் பாசமுள்ளவர் என்று புகழ்கிறது. வேறுபாடு அவ்வளவே.

கையடக்கக் கருவி போதாதா?

இக்காலத்தில் கைபேசியே வழி சொல்லுகிறது; கிப்லாவையும் அம்புக்குறியிட்டுக் காட்டுகிறது. பிறகு படமும் ஊசியும் எதற்கு என்று கேட்போர் உளர். கருவி பழுதாகலாம், மின்விசை தீரலாம் என்று விடை கூறுவது வழக்கம். அது வலுவற்ற விடை. என்றும் பழுதாகாத கருவி ஒன்று கிடைத்தாலும் கேள்வி தீர்வதில்லை.

கருவியை இகழ்வது நம் முன்னோர் மரபும் அன்று. காந்த ஊசியைப் பற்றிச் சீன நாட்டு ஷென் குவோ 1088ஆம் ஆண்டளவிலேயே எழுதியிருக்கிறார். 1242இல் திரிப்போலியிலிருந்து அலெக்சாந்திரியாவுக்குச் சென்ற கப்பலில், நீரில் மிதந்த காந்த ஊசியைக் கண்டதைப் பைலக் அல் கிப்ஜாக்கீ என்பவர் 1282இல் அரபு நூலொன்றில் குறித்தார். ஏறக்குறைய 1290இல், யமன் நாட்டு அல் அஷ்ரஃப் உமர், அவ்வூசியைக் கொண்டு கிப்லா காணும் முறையையே எழுதி வைத்தார். அறிவு எங்கிருந்து வந்தாலும் அதை ஏற்றுத் தொழுகைக்குப் பயன்படுத்தினர்.

வழிகாட்டியை நம்புவதும் இழுக்கன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவைத் துறந்து மதீனா புறப்பட்டபோது, பாலைவழி நன்கறிந்த ஒருவரைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டார்கள். அவர் அப்போது இஸ்லாத்தை ஏற்றிராதவர். இறைச்செய்தி பெற்றவர்கள் தமக்கு வழிகாட்டி வேண்டுவதில்லை என்று இருந்துவிடவில்லை. ஆனால் அவரைத் தேர்ந்தது, ஒட்டகங்களை ஒப்படைத்தது, மூன்று இரவுகள் கழிந்ததும் ஸவ்ர் குகைக்கு வருமாறு நாள் குறித்தது எல்லாம் அண்ணலாரும் அபூபக்ர் (ரலி) அவர்களும் எண்ணிச் செய்த முடிவுகள். வழிகாட்டியை மதிப்பிடும் அறிவு, வழிகாட்டியைப் பெறுவதற்கு முன்பே வேண்டும். அதைக் கருவி தராது.

படம் பிடித்து நடக்கும் பிள்ளை, ஒவ்வோர் இடத்திலும் 'நான் எங்கே நிற்கிறேன்?' என்று தன்னைக் கேட்டுக்கொள்கிறது. கருவியின் குரலுக்கு நடப்பவர் 'எப்பக்கம் திரும்ப வேண்டும்?' என்று மட்டுமே கேட்கிறார். முன்னதில் பொறுப்பு பிள்ளையிடம் இருக்கிறது. பின்னதில் அது எவரிடமும் இல்லை. திசை காட்டும் குரலுக்கு மட்டும் பழகிய செவி, நாளை சந்தையின் குரலுக்கும் கூட்டத்தின் குரலுக்கும் அவ்வாறே திரும்பும். நாம் அஞ்ச வேண்டியது இதற்கே.

காந்த ஊசியும்கூட முழுமையான வடக்கைக் காட்டுவதில்லை. அது காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இடையே இடத்துக்கு இடம் விலக்கம் உண்டு; காலத்தாலும் அது மாறுகிறது. நம் தமிழகத்தில் அவ்விலக்கம் சிறியது. வேறு நாடுகளில் பெரியது. நல்ல கருவியையும் அதன் குறையறிந்து பயன்படுத்துவதே அறிவுடைமை என்பதைப் பிள்ளை ஊசியிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம்.

நாம் செய்யத்தக்கது

இதற்கு ஸ்வீடன் நாட்டுக் காடு வேண்டுவதில்லை. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுப் படத்தில் 2 சென்டிமீட்டர் 1 கிலோமீட்டரைக் குறிக்கும். பிள்ளையின் தெரு அதில் நூலிழையாகவே தெரியும். ஆகவே பிள்ளையே தன் மஹல்லாவைக் காலடி எண்ணி அளந்து வரையட்டும். பள்ளிவாசல், கிணறு, கபுருஸ்தான், சந்தை ஆகியவை தத்தம் இடத்தில் அமைகின்றனவா என்று நடந்து சரிபார்க்கட்டும். மதரஸாவில் கிப்லாவின் பாடம் வரும்போது கிதாபை மூடிவிட்டு மாணவரை வெளியே அழைத்துச் செல்லலாம். தொழுகை விரிப்பும் மிஹ்ராபும் இல்லாத திறந்தவெளியில் நிறுத்தி, திசையைச் சான்றோடு கூறச் சொல்லலாம். வானம் தெளிந்த இரவில் துருவ மீனைக் காட்டலாம். நம் நாட்டில் அது தொடுவானத்துக்குச் சற்றே மேலே, நீட்டிய கையின் ஒரு முட்டியளவு உயரத்தில் மட்டுமே நிற்கும். அதைத் தேடிக் காண்பதற்கே பொறுமை வேண்டும். தரையின் இருளிலும் கடலின் இருளிலும் வழியறிவதற்காக விண்மீன்களை அமைத்திருப்பதாக இறைவன் அல் அன்ஆம் அத்தியாயத்தில் நினைவூட்டுகிறான். அவ்வருட்கொடையைக் கண்ணால் காணாமலே ஓதிச்செல்லும் தலைமுறையை நாம் உருவாக்கலாகாது.

பிள்ளை தவறான திசையைச் சுட்டும்போது உடனே அதன் தோளைப் பற்றித் திருப்பிவிடத் தோன்றும். அக்கையைச் சிறிது நேரம் அடக்கிக்கொள்ள வேண்டும். 'எதைக் கொண்டு அப்படிச் சொல்கிறாய்?' என்று கேட்க வேண்டும். பிள்ளை மேலே பார்த்து, கீழே பார்த்து, எண்ணித் தானே திரும்பும் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புத்தான் கற்பித்தலில் மிகக் கடினமான பகுதி.

கடமையான தொழுகைகளின் 17 ரக்அத்துகளில், நாளொன்றுக்கு 17 முறை இறைவனிடம் நேர்வழி வேண்டி நிற்கும் சமுதாயம் நாம். நேர்வழி அருள்வது அவன் கையில் உள்ளது. வேண்டிய பின் கண் திறந்து அடையாளங்களைக் காண்பதும், கண்ட சான்றுக்கு முகந்திருப்புவதும் அடியார்களின் பொறுப்பு. அப்பொறுப்பைத் தாங்கவல்ல மக்களாக நம் பிள்ளைகளை வளர்க்கும் துணிவையும் பொறுமையையும் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.